வலி எச்சரிக்காதவர்களை முதலில் கவனியுங்கள்

கேள்வி: நான் பிலாட்டீஸ் (மூச்சோடு இணைத்து உடலின் நடுப்பகுதியை வலுப்படுத்தும் உடற்பயிற்சி முறை) பயிற்சியாளர். என் வகுப்பில் ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு வலுவிழக்கும் நோய்) உள்ள 64 வயது அம்மா ஒருவர், ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர், நாள்பட்ட முதுகுவலி உள்ள இருவர் இருக்கிறார்கள். "வலித்தால் நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஆனால் முதுகுவலி உள்ள இருவரில் ஒருவருக்கு இதமாக இருக்கும் பயிற்சி மற்றவருக்கு வலியைக் கூட்டுகிறது. இவர்களுக்கு எப்படி மாற்றிச் சொல்லித் தருவது?

பதில்: நீங்கள் சொல்லும் விதி நல்ல விதிதான். ஆனால் அந்த நால்வரில் இருவருக்கு அது போதாது. முதுகுவலிக்காரர்களை அவர்கள் உடலே எச்சரித்துவிடும். மற்ற இருவருக்கும் வலியே இல்லாமல் கெடுதல் நடந்துவிடலாம்.

முதலில் முதுகுவலி. அவர்களிடம் ஸ்கேன் அறிக்கையைக் கேட்பதற்கு முன், "உட்கார்ந்தால் தேவலையா, எழுந்து நடந்தால் தேவலையா?" என்று கேளுங்கள். உட்கார்ந்தாலும் குனிந்தாலும் காலுக்கு வலி இறங்குகிறது, நடந்தால் குறைகிறது என்பவருக்குப் பெரும்பாலும் டிஸ்க் பிதுக்கம் இருக்கும். அவருக்கு ரோல் அப், ஸ்பைன் ஸ்ட்ரெட்ச் போன்ற முன்வளைவுகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நின்றால் கால் கனக்கிறது, உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் விட்டுவிடுகிறது என்பவருக்குத் தண்டுவடக் கால்வாய் குறுகியிருக்கலாம். வயது கூடியவர்களிடம் இது அதிகம். அவர்களுக்கு ஸ்வான் போன்ற பின்வளைவு ஒத்துக்கொள்ளாது. உங்கள் வகுப்பில் ஒரே பயிற்சி இருவருக்கும் இரண்டு விதமாக வேலை செய்வதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

பயிற்சியின் நடுவே வலி எங்கே நகர்கிறது என்றும் கேளுங்கள். கெண்டைக்கால் வரை இருந்த வலி தொடைக்கும் பிட்டத்துக்கும் ஏறிவந்தால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் நல்ல அறிகுறிதான். காலில் கீழே இறங்கினால், இடுப்பு லேசானதுபோல் இருந்தாலும் அந்த அசைவை நிறுத்துங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது அந்த 64 வயது அம்மாதான். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ் என்கிறோம். எலும்பு முறியும்வரை அது வலிப்பதே இல்லை. முன்னால் வளையும்போது முள்ளெலும்பின் முன்விளிம்பில்தான் சுமை குவிகிறது. வலுவிழந்த எலும்பு அங்கே நசுங்கி ஆப்பு வடிவமாகிவிடும். 1984-இல் சினாகி, மிக்கெல்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆஸ்டியோபோரோசிஸ் உள்ள 59 பெண்களிடம் செய்த ஆய்வை இன்றும் நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம். முன்வளைவுப் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்குப் புதிய முள்ளெலும்பு நசுங்கல்கள் தெரிந்தன. பின்வளைவுப் பயிற்சி செய்தவர்களில் அது 16 சதவீதம்தான். எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களில் 67 சதவீதம். சிறிய ஆய்வு, அந்த எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனாலும் எந்தத் திசையில் ஆபத்து என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிலாட்டீஸின் மேட் வரிசையோ முன்வளைவுகளால் நிறைந்தது: ஹண்ட்ரட், ரோல் அப், ரோல் ஓவர், உருண்டு எழும் பயிற்சிகள், வளைந்துகொண்டே திரும்பும் 'சா' (Saw) என்ற பயிற்சி. இவற்றை "கொஞ்சமாகச் செய்யுங்கள்" என்று சொல்வது மாற்றம் ஆகாது. ஹண்ட்ரடைத் தலையைத் தரையில் வைத்தபடி, மூச்சும் கையசைவும் மட்டுமாகச் செய்யலாம். உருளும் பயிற்சிகளையும் ரோல் ஓவரையும் அடியோடு விட்டுவிடுங்கள். பிரிட்ஜ் செய்யும்போது முதுகை ஒவ்வொரு எலும்பாகச் சுருட்டி எழுப்பாமல், நேராக வைத்தே இடுப்பை உயர்த்தட்டும். குப்புறப் படுத்து நெஞ்சைச் சற்றே தூக்குவது, முதுகை வளைக்காமல் இடுப்பை மட்டும் மடக்கிக் குனியப் பழகுவது, நின்று செய்யும் சமநிலைப் பயிற்சிகள் ஆகியவை அவருக்கு மருந்துபோல. மேட்டிலிருந்து எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழட்டும். ரிஃபார்மரில் (ஸ்பிரிங் பொருத்திய நகரும் பலகை உள்ள பிலாட்டீஸ் கருவி) ஏறி இறங்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். விழுந்துவிட்டால் இடுப்பெலும்பே முறியலாம். என்றாவது திடீரென்று புதிய முதுகுவலி என்று அவர் சொன்னால், எக்ஸ்ரே பார்க்கும்வரை வகுப்பு வேண்டாம்.

கர்ப்பிணிக்கு இனி நெடுநேரம் மல்லாந்து படுக்கும் பயிற்சிகள் வேண்டாம். வளரும் கருப்பை, இதயத்துக்குத் திரும்பும் பெரிய இரத்தக்குழாயை அழுத்தும். சிலருக்குத் தலைசுற்றும், சிலருக்கு எதுவுமே தெரியாது. மேல்முதுகைச் சாய்வாக உயர்த்தி வையுங்கள், அல்லது ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். நடுவயிறு கூம்பிக்கொண்டு எழுந்தால் அந்தப் பயிற்சி அவருக்கு அதிகம் என்று பொருள். பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகம் போதும். இரத்தக்கசிவு, நீர் கசிவு, நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் என எது வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

புதிதாகச் சேருபவர்களிடமும் இப்படி வெளியே தெரியாதவற்றைக் கேளுங்கள். உயரம் குறைந்திருக்கிறதா? சாதாரணமாக விழுந்ததிலேயே எலும்பு முறிந்ததுண்டா? நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதுண்டா? கண் அழுத்த நோய் இருப்பவரைத் தலைகீழாக நிறுத்தக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தம் கட்டக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றியவர் எந்தக் கோணத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதை அறுவை சிகிச்சை செய்தவரிடமே கேட்டு வரச் சொல்லுங்கள். "பிலாட்டீஸ் செய்யலாம்" என்ற ஒற்றை வரிச் சீட்டால் உங்களுக்குப் பயனில்லை. எந்த அசைவு கூடாது, எத்தனை காலத்துக்கு என்று எழுதி வாங்குங்கள்.

நால்வரும் ஒரே வகுப்பில் இருப்பதில் தவறில்லை. முட்டியும் கையும் ஊன்றிய நிலை, ஒருக்களித்த நிலை, சுவரோரம் நின்ற நிலை ஆகிய மூன்றிலும், முதுகை இயல்பான வளைவில் வைத்துக்கொண்டால், நால்வருமே பெரும்பாலும் சேர்ந்து செய்யலாம். அவற்றை வகுப்பின் அடித்தளமாக்கி, தாங்கக்கூடியவருக்கு அதன்மேல் கூட்டிக்கொடுங்கள். அந்த அம்மாவை மட்டும் ஓரமாக உட்காரவைத்து வேடிக்கை பார்க்கவிடாதீர்கள்.

முதுகுவலிக்காரர் யாராவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போகிறது, சிறுநீர் பிரியவில்லை, கால்களில் பலம் இல்லை என்று சொன்னால், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டாம்.