மார்ஃபன் நோயும் மங்கும் கவனமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 34 வயது. உடலின் இணைப்புத் திசுக்களைத் தளர்த்தும் மரபணு நோயான மார்ஃபன் நோய் இருப்பது 19 வயதில் தெரியவந்தது. சில ஆண்டுகளாக ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தால்தான் மனதில் நிற்கிறது. மாலை வேளைகளில் பேச்சின் நடுவே சொல் நழுவிவிடுகிறது. இந்நோய் மூளையையும் அரிக்கிறதா? இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனி இந்த ஆண்டும் விரியவில்லை என்று மருத்துவர் மகிழ்கிறார். நானோ நன்றாக இல்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இது மூளையை அரிக்கும் நோய் அல்ல. 15ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பிழைபடுவதால் ஃபைப்ரில்லின்-1 என்ற புரதம் குறைபட்டு, கண்வில்லையைத் தாங்கும் நார்களும் பெருந்தமனியின் சுவரும் மூட்டுகளும் உறுதியை இழக்கின்றன. அறிவுத்திறன் பொதுவாகக் குறைவதில்லை.

ஆனால் உங்கள் அனுபவம் உண்மையானது. என் தமக்கைக்கும் இதே நோய் என்பதால் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். தளர்ந்த மூட்டுகளைத் தாங்கத் தசைகள் நாள் முழுவதும் கூடுதலாக உழைக்கின்றன. ஓயாத முதுகுவலி கவனத்தில் ஒரு பங்கை எந்நேரமும் பிடித்துவைத்துக்கொள்கிறது. எஞ்சியதைக் கொண்டுதான் அவள் படிக்கவும் பேசவும் வேண்டியிருந்தது. அதை மந்தபுத்தி என்று சிலர் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் இந்நோயாளிகளிடம் அதிகம் காணப்படுகிறது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தெளிவின்றி எழுவதற்கு அது காரணமாக இருக்கலாம். பெருந்தமனியைக் காக்கத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மருந்துகளும் சிலருக்குச் சோர்வைத் தருகின்றன. அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; மருந்தையோ அளவையோ மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மனச்சோர்வும் நினைவை மங்கச் செய்யும் என்பதால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

விரிந்து கிழியக்கூடிய பெருந்தமனியின் அளவை மில்லிமீட்டர் கணக்கில் கவனிப்பதும், உரிய நேரத்தில் அறுவை செய்வதும்தான் இந்நோயாளிகளின் ஆயுளைப் பல பத்தாண்டுகள் கூட்டியிருக்கின்றன. அந்த அக்கறைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இருப்பினும் ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதை அந்த எண் சொல்லிவிடாது. பெருந்தமனி சீராக உள்ளவர் களைப்பால் வேலையை விட நேர்வதும், அறுவை செய்துகொண்டவர் நிறைவாக வாழ்வதும் உண்டு.

பேச்சு திடீரெனக் குழறினாலோ, நெஞ்சிலோ முதுகிலோ கடும் வலி வந்தாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். மற்றபடி, எந்த நேரத்தில் மனம் தெளிவாக இருக்கிறது, வலி எப்போது கூடுகிறது, எப்படித் தூங்கினீர்கள் என்று இரண்டு வாரங்கள் குறித்துவைத்து, அடுத்த பரிசோதனையில் பெருந்தமனியைப் பற்றிப் பேசும் முன்பே அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள்.