அமெரிக்கப் பியானோ கலைஞர் லிபராச்சியின் காதலர் எழுதிய நினைவுநூலை எவ்வளவு நம்பலாம்?

பாதிக்கு மேல் நம்பலாம் என்பது என் கணக்கு. ஸ்காட் தார்சனின் ‘பிஹைண்ட் தி கேண்டலாப்ரா’ 1988இல் வந்தது. லிபராச்சி அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். மறுத்துப் பேச ஆளில்லை. தார்சனோ பிரிந்தபின் 1982இல் 11.3 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, கடைசியில் 75,000 டாலர் ரொக்கம், மூன்று கார், மூன்று நாயோடு சமரசமானவர். மனக்கசப்பு இல்லாமலா இருக்கும்?

ஆனால் அடிப்படைக் கதை பொய்யல்ல. லாஸ் வேகாஸ் மேடைக்கு லிபராச்சி ரோல்ஸ் ராய்ஸில் வந்து இறங்குவார், தரையில் புரளும் ரோமக் கோட்டோடு. வெள்ளைச் சீருடையில் அந்தக் காரை ஓட்டிவந்தவர்தான் தார்சன். ஆயிரம் பேர் பார்த்தார்கள், ஓட்டுநர் என்றே நினைத்தார்கள். தன் சாயல் வரும்படி லிபராச்சி தார்சனின் முகத்தையே அறுவைச் சிகிச்சையால் மாற்றவைத்தார் என்கிறது நூல். எனக்கு வயிற்றைப் பிசைந்த இடம் அதுதான்.

ஏன் இவ்வளவு ஒளிவுமறைவு? ஜாடையாக எழுதியதற்கே லண்டன் ‘டெய்லி மிரர்’ நாளிதழ் மீது வழக்குப் போட்டு, தான் ஓரினச்சேர்க்கையாளர் அல்ல என்று சத்தியம் செய்து, 1959இல் 8,000 பவுண்டு இழப்பீடு வாங்கியவர் லிபராச்சி. அதன்பின் எப்படி வாய் திறப்பார்? சாகும்போதும் தர்பூசணி டயட்டால் ரத்தசோகை என்றுதான் சொன்னார்கள். எய்ட்ஸ் என்பதைப் பிரேதப் பரிசோதனை அதிகாரிதான் வெளியே சொன்னார்.