‘குவாய்’ என்ற சொல்லும் என் மகளின் இரண்டு பள்ளிகளும்

கேள்வி: தைவான் குழந்தைகளுக்கும் அமெரிக்கக் குழந்தைகளுக்கும் வளர்ப்பிலும் படிப்பிலும் என்ன வேறுபாடு? பெண் பிள்ளை, ஆண் பிள்ளை என்று பார்த்தால் அது மாறுகிறதா?

என் மகள் இரண்டு நாட்டிலும் படித்தவள். கணவர் தைவானில் ஷின்ச்சூ நகரத்தில் ஆராய்ச்சி வேலையில் இருந்தார். 2014 செப்டம்பரில் அங்கே ஓர் அரசு ஆரம்பப் பள்ளியில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். மூன்றாம் வகுப்பு முடிந்ததும் அமெரிக்காவில் மிச்சிகனுக்கு வந்துவிட்டோம். நான் கண்ணால் பார்த்ததையும், பிறகு தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

ஷின்ச்சூவில் நான் முதலில் கற்றுக்கொண்ட சீனச் சொற்களில் ஒன்று ‘குவாய்’. எதிர்வீட்டுப் பாட்டிக்கு என் மகள் வயதிலேயே ஒரு பேத்தி. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் என் மகளின் தலையைத் தடவி “ஹென் குவாய்” என்பார். ‘ரொம்ப நல்ல பிள்ளை’ என்று அர்த்தம். நம் ‘சமர்த்து’ இதற்குக் கிட்டத்தில் வரும். ஆனால் சமர்த்தில் கெட்டிக்காரத்தனமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. குவாயில் இருப்பது சொன்ன பேச்சைக் கேட்பது, அடக்கமாக இருப்பது, பெரியவர்களைச் சிரமப்படுத்தாமல் இருப்பது. பையன்களையும் அப்படிச் சொல்வார்கள். ஆனால் நடைபாதையில் ஒரு பையன் சைக்கிளைத் தாறுமாறாக ஓட்டினால் “பையன்தானே” என்று விடுவதையும், அதையே பேத்தி செய்தால் “நீ குவாய் இல்லையா?” என்று கேட்பதையும் பல முறை பார்த்திருக்கிறேன். பாட்டி அன்பானவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாரம் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அந்த அன்போடுதான் அப்படிக் கேட்பார்.

பள்ளியில் ‘லியென்லுவோபு’ என்று ஒரு நோட்டு. வீட்டுப்பாடமும், பிள்ளையைப் பற்றிய ஆசிரியரின் குறிப்பும் தினமும் அதில் வரும். நாம் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் எல்லோர் முன்னாலும், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “எழுத்தைக் கவனமில்லாமல் எழுதுகிறாள், அவசரப்படுகிறாள்” என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு பிள்ளையின் அம்மா சொன்னார்: “சொல்லாமல் விட்டால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். சொல்கிறார் என்றால் குவான் செய்கிறார் என்று அர்த்தம்.”

குவான் என்றால் ஆள்வது, கட்டுப்படுத்துவது; அக்கறையோடு பார்த்துக்கொள்வதும் அதே சொல்தான். ரூத் சாவ் என்ற உளவியலாளர் 1994-இல் எழுதிய கட்டுரையின் மையமே இதுதான். சீனக் குடும்பங்களின் கண்டிப்பை மேற்கத்திய அளவுகோலில் ‘சர்வாதிகார வளர்ப்பு’ என்று முத்திரை குத்தினால், அதற்குள் இருக்கும் பாசம் கணக்கில் வராமல் போகிறது என்றார். ஹெய்டி ஃபுங், பெக்கி மில்லர் என்ற ஆய்வாளர்களின் குழு தைவான் தலைநகர் தைபே, அமெரிக்காவின் சிகாகோ வீடுகளில் இரண்டரை வயதுக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளைப் பதிவு செய்தது. தைபே குடும்பங்கள் குழந்தை செய்த தப்பை, குழந்தையை வைத்துக்கொண்டே, விளக்கமாகச் சொல்லின. சிகாகோ குடும்பங்கள் தப்பைச் சொல்லாமல் விட்டன, சொன்னாலும் சிரிப்புக் கதையாக மாற்றின. வந்தவர்களிடம் பிள்ளையின் குறையைச் சொல்வது நம் வீடுகளிலும் உண்டு என்பதால் தைபே வீடுகள் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

மிச்சிகனில் முதல் ஆசிரியர் சந்திப்பு 20 நிமிடம். பெரும்பகுதி பாராட்டு. “எதில் அவள் தேற வேண்டும்?” என்று நான் கேட்டதும் ஆசிரியர் தயங்கி, “அவள் அருமையாகச் செய்கிறாள்” என்று மறுபடியும் சொன்னார். காரில் மகள் கேட்டாள்: “அம்மா, நிஜமாவே நான் அவ்வளவு நல்லா படிக்கிறேனா?” அந்த வருடம் அவள் கை தூக்கக் கற்றுக்கொண்டாள், தப்பான பதிலையும் சத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்டாள். ஷின்ச்சூவில் மூன்று வருடத்தில் அது நடக்கவில்லை. அதற்காக அந்த மிச்சிகன் ஆசிரியருக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் வந்து, “நான் கணக்குப் பிள்ளை இல்லம்மா” என்றாள். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம், அவளுக்கே தெரியுமாம். கணக்கு சிலருக்குப் பிறவியிலேயே வரும், தன் வகுப்பில் அது இரண்டு பையன்களுக்கு வரும் என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஷின்ச்சூவில் அவள் மோசமான மதிப்பெண் வாங்கியதுண்டு. அப்போது கிடைத்த பதில் “இன்னும் போடு” என்பதுதான். ‘உனக்கு இது வராது’ என்ற எண்ணமே அங்கே அவளுக்கு வந்ததில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஸ்டீவன்சன் 1980-இல் தைபே, ஜப்பானின் செந்தாய், அமெரிக்காவின் மினியாபொலிஸ் மூன்று நகரங்களிலும் ஒன்றாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒப்பிட்டார். கணக்கில் அமெரிக்கப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். ஆனால் பிள்ளையின் படிப்பில் அதிகத் திருப்தியோடு இருந்தவர்கள் அமெரிக்க அம்மாக்கள். அவர்கள் இயல்பான திறமைக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள், ஆசிய அம்மாக்கள் முயற்சிக்கு. கணக்கில் அந்த இடைவெளி இன்றும் இருக்கிறது: பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடக்கும் பீசா (PISA) தேர்வில், 2022-இல் தைவான் 547, அமெரிக்கா 465.

திறமை பிறவியிலேயே வருவது என்று நம்பும் ஊரில், அது யாருக்கு வாய்த்திருக்கிறது என்ற கேள்வி தானாக எழுந்துவிடுகிறது. பியான், லெஸ்லி, சிம்பியன் மூவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயது அமெரிக்கச் சிறுமிகள் ‘ரொம்ப ரொம்பப் புத்திசாலி’ யார் என்று கேட்டால், பையன்கள் ஆண்களைச் சொன்ன அளவுக்கே பெண்களைச் சொன்னார்கள். ஆறு, ஏழு வயதிலேயே அது குறைந்துவிட்டது. ‘ரொம்பப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு’ என்று சொன்னால் ஒதுங்கினார்கள். இத்தனை பாராட்டுக்கு நடுவில் இது எப்படி உள்ளே நுழைகிறது என்பதை என் மகளிடம்தான் பார்த்தேன். அப்புறம் நாங்கள் பழைய ஷின்ச்சூ வழக்கத்துக்குத் திரும்பினோம்: சாப்பிட்ட பிறகு தினம் பத்துக் கணக்கு, நானும் கூட உட்கார்ந்து. ஏழாம் வகுப்புக்குள் அந்தப் பேச்சு போய்விட்டது.

சட்டத்திலும் பள்ளி நடைமுறையிலும் நான் எதிர்பாராதது நிறைய. தைவான் என்றாலே கண்டிப்பு என்பார்கள். ஆனால் அங்கே 2006 கடைசியிலேயே பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977-இல் அதை அனுமதித்தது. மிச்சிகனில் தடை உண்டு என்றாலும் பல மாநிலங்களில் இன்னமும் அனுமதி இருக்கிறது.

2000 ஏப்ரலில் பிங்டுங் மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளி மாணவன் ஒருவன் கழிவறையில் விழுந்து இறந்தான். ‘பெண் போல நடக்கிறான்’ என்று மற்ற பையன்கள் துன்புறுத்தியதால், இடைவேளையில் போகாமல் வகுப்பு நடக்கும்போது தனியாகப் போனவன். அந்த மரணம் 2004-இல் வந்த பாலினச் சமத்துவக் கல்விச் சட்டத்தின் போக்கையே மாற்றியது. ஆண்–பெண் சமத்துவம் என்று தொடங்கிய வரைவு எல்லாப் பிள்ளைகளையும் காக்கும் சட்டமாக விரிந்தது. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 4 மணி நேரம் இதற்கான பாடம் உண்டு. 2019-இல் பன்ச்சியாவ் பகுதியின் ஒரு மேல்நிலைப் பள்ளி, பையன்களும் பாவாடைச் சீருடை அணியலாம் என்று விதியை மாற்றியது. என் மகளின் வகுப்பிலும் துடைப்பமும் சோறு பரிமாறும் கரண்டியும் முறை வைத்து எல்லோர் கைக்கும் போகும். மிச்சிகன் பள்ளியில் பிள்ளைகள் துடைப்பத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தைவான்தான் பிடிக்கும்.

ஆனால் முயற்சியை நம்புவதற்கு அங்கே பிள்ளைகள் கொடுக்கும் விலை பெரியது. முயன்றால் வரும் என்றால், வராதது உன் குற்றம் என்றாகிவிடுகிறது. 2018 பீசா தேர்வோடு மாணவர்களிடம் கேட்ட கருத்துக் கேள்விகளில், தோல்வி பயம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் தைவானும் ஒன்று; கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் கூடுதல். எதிர்வீட்டுப் பேத்தி இரண்டாம் வகுப்பில் 92 மதிப்பெண் தாளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் ஒளித்துவைத்தாள்.

அவள் கணக்கில் என் மகளைவிடக் கெட்டிக்காரி. அங்கே பத்தாம் வகுப்பு முடியும்போது கலைப் பக்கமா, பொறியியல், அறிவியல் பக்கமா என்று முடிவு செய்ய வேண்டும். பொறியியல் பக்கம் பையன்கள்தான் அதிகம் போவார்கள். 2024-இல் வீடியோ காலில் பேசும்போது, தான் கலைப் பக்கம் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். “உனக்குக் கணக்குதானே பிடிக்கும்?” என்று என் மகள் கேட்டாள். “பிடிக்கும். பெண்ணுக்கு அது கஷ்டம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் சரி என்றேன்” என்றாள். பின்னாலிருந்து பாட்டி எட்டிப் பார்த்து எங்களுக்குக் கையசைத்தார். பேத்தியின் தோளில் கை வைத்து, “ஹென் குவாய்” என்றார்.