கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடை) கட்டி, கறுப்பு பிரின்ஸ் சார்லி (அதோடு மாலை விருந்துக்குப் போடும் குட்டைக் கோட்) போட்டால், பழுப்பு ஸ்போரனும் (முன்பக்கம் தொங்கவிடும் பை) பழுப்பு ஷூவும் அதற்கு எடுக்குமா? கண்ணாடியில் பார்த்தால் வயிற்றுப்பக்கம் ஏதோ சரியாக இல்லையே?

கோட் இருக்கட்டும், ஸ்போரனையும் ஷூவையும் மாற்றுங்கள். எடின்பரோவில் மாலைநேரக் கல்யாண விருந்து, வெள்ளிப் பொத்தான் வைத்த கறுப்பு பிரின்ஸ் சார்லி என்றால் கறுப்பு ஷூவும், கறுப்புத் தோலிலோ ரோமம் வைத்தோ செய்த ஸ்போரனும்தான் அதற்கு எடுக்கும். பழுப்புத் தோலின் இடம் பகல்நேரத்து ட்வீட் (சொரசொரப்பான கம்பளித் துணி) கோட். அதோடு போட்டால் அள்ளும்.

ஆனால் கண்ணாடியில் பார்த்தால் வயிற்றுப்பக்கம் ஏதோ சரியாக இல்லை என்கிறீர்களே, அதற்கு நிறம் காரணமில்லை, பெல்ட்டாகத்தான் இருக்கும். பிரின்ஸ் சார்லியோடு வெயிஸ்ட்கோட் (உள்ளே போடும் கையில்லாத கோட்) போடும்போது பெல்ட் கட்டுவது மரபில்லை. அந்தப் பெரிய பக்கிள் உள்ளேயிருந்து தள்ளி, இல்லாத தொப்பையைக் காட்டும். கில்ட் நழுவுமோ என்று பயப்பட வேண்டாம், பக்கவாட்டில் இருக்கும் தோல் வார்களே அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இப்படிப் பாருங்கள்:

1. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கில்ட்டைத் தொப்புள் உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். ஜீன்ஸ் மாதிரி இறக்கிக் கட்டினால் வெயிஸ்ட்கோட்டுக்குக் கீழே சட்டை எட்டிப்பார்க்கும்.

2. வெயிஸ்ட்கோட் நுனிக்கும் ஸ்போரனின் மேல்விளிம்புக்கும் நடுவே ஏறக்குறைய நாலு விரல் இடம் இருந்தால் சரி.

ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் ட்வீட் என்று சொல்லியிருந்தால் கோட்டோடு சேர்த்து எல்லாமே மாறும், முதலில் கேட்டுவிடுங்கள். அப்புறம், காலுறையில் செருகும் குட்டிக் கத்தி செட்டில் இருந்தால் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிக்கொள்வார்கள்.