பையைக் காக்க ஒரு பாட்டி

கேள்வி: ஞாயிறுதோறும் குடும்பத்தோடு ஊரிலுள்ள பூங்காக்களுக்குப் போகிறோம். இரண்டு மாதத்தில் 8 பூங்கா பார்த்தாயிற்று. உள்ளே போன அரைமணி நேரத்தில் பிள்ளைகள் (7 வயது, 4 வயது) 'போர் அடிக்குது, போன் குடு' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மாமியாருக்கு முட்டிவலி. அவர் வாசல் பெஞ்சிலேயே பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், தொந்தரவு இல்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி எந்த வகைப் பூங்காவைத் தேடுவது?

பதில்: ஒன்பதாவது பூங்கா எதற்கு? அங்கேயும் இதுதான் நடக்கும்.

போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, 'தொந்தரவு இல்லை' என்று. யாருக்கு? முட்டிவலிக்காரரைக் கிளப்பிக் கூட்டிவந்து, வாசலில் பைக்குக் காவல் வைத்துவிட்டு நீங்கள் நான்கு பேரும் உள்ளே போகிறீர்கள். இதற்குப் பெயர் குடும்பத்தோடு போவதா? கேட்டால் 'நீங்க போயிட்டு வாங்க' என்றுதான் சொல்வார். பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நடையைக் கட்டக் கூடாது.

அடுத்த முறை கிளம்பும்போது அவர் தண்ணீர் குடிக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் குடித்திருக்க மாட்டார். கழிப்பறை எங்கே, எத்தனை படி, திறந்திருக்குமா என்று எதுவும் தெரியாத இடத்துக்கு வயதானவர்கள் வாயைக் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். வெயிலில் அது தலைசுற்றலில் கொண்டுபோய் விடும்.

ஆகவே பூங்காவை அவருடைய முட்டியை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பார்த்த எட்டில் ஒன்றுக்கு வாரநாளில் உங்களில் ஒருவர் தனியாகப் போய் நடந்து பாருங்கள். முதலில் கழிப்பறை. பிறகு பெஞ்சு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 50 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, உங்கள் நடையில் ஏறக்குறைய 70 எட்டு. சாய்மானமும் கைப்பிடியும் இருக்க வேண்டும். உட்காரும் பலகை தரையிலிருந்து 45 செ.மீ.க்குக் கீழே இருந்தால் எழும்போது முழுப் பாரமும் முட்டியில் விழும். சரிவு, 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரத்தைத் தாண்டினால் அந்தப் பாதை வேண்டாம். இன்னொன்று: முட்டிவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. சுற்றிவருகிற பாதையில் ஒரு பக்கம் படி, மறுபக்கம் சரிவு என்றால் படி வழியே ஏறி, சரிவு வழியே இறங்குகிற மாதிரி சுற்றுங்கள். உதிரி ஜல்லி போட்ட பாதை கூடவே கூடாது, கால் வழுக்கும்.

இப்போது பிள்ளைகள். நான்கு வயதுப் பிள்ளை பத்து எட்டு நடக்கும், எறும்பைப் பார்த்தால் குந்திவிடும். கூட வருகிறவர் நிற்க வேண்டும். நீங்கள் 'வா வா' என்று இழுக்கிறீர்கள், அது சிணுங்குகிறது. நின்று பார்க்கப் பொறுமையுள்ள ஒரே ஆளை வாசலில் உட்கார வைத்துவிட்டீர்கள்.

ஒரு நூல்கண்டும் டேப்பும் எடுத்துப் போங்கள். பெஞ்சை ஒட்டிய பெரிய மரமாகப் பார்த்து, தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் பட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு. பாட்டி நூலின் நுனியை அந்தக் கோட்டில் பிடிக்கட்டும், பெரியவன் நூலோடு மரத்தைச் சுற்றி வரட்டும், சின்னது நூல் சரியாமல் தாங்கட்டும். நூலை டேப்பில் அளந்தால் சுற்றளவு. 220 செ.மீ. என்றால் 3.14-ஆல் வகுக்க, மரத்தின் குறுக்களவு சுமார் 70 செ.மீ. நோட்டில் தேதியோடு எழுதிவைத்து, அடுத்த வருடம் அதே மரத்தை அதே உயரத்தில் அளக்க வேண்டும். உயரம் மாறினால் மரம் இளைத்துவிட்டதாகக்கூடக் கணக்கு வரலாம்! ஒரு மரத்துக்கே முக்கால் மணி நேரம் ஆகும்; போன் ஞாபகம் வருகிறதா பாருங்கள்.

சறுக்குமரத்துக்கு ஓடினால், புறங்கையை அதன் மேல் 5 விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லையென்றால் பிள்ளையை ஏற்றாதீர்கள். தரையில் ரப்பர் விரித்திருந்தால் அதையும் அப்படியே தொட்டுப் பாருங்கள், வெயிலில் புல்லைவிட அது ரொம்பச் சுடும்.

பைகளா? இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒன்று உங்கள் தோளில், ஒன்று உங்கள் கணவர் தோளில். பெஞ்சில் பை இருந்த இடத்தில் சின்னது உட்காரட்டும்.