எதிரொலிக்கும் குரல், விடாத லைன்: கேட்வே கேள்வி-பதில்

கேள்வி: வாய்ஸ் ஓவர் ஐபி கேட்வேக்களில் (இணையவழிக் குரல் அழைப்பையும் சாதாரண டெலிபோன் லைனையும் இணைக்கும் பெட்டிகள்) சிலவற்றில் எஃப்எக்ஸ்எஸ் என்றும் சிலவற்றில் எஃப்எக்ஸ்ஓ என்றும் போட்டிருக்கிறது. அலுவலகத்தில் இருக்கும் பழைய டெலிபோன்களை இணைக்க எது வேண்டும்?

எஃப்எக்ஸ்எஸ். பழைய டெலிபோன் தானாக எதுவும் செய்யாது. மின்சாரம், டயல் டோன், மணியடிக்க வைக்கும் மின்னழுத்தம் எல்லாம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வர வேண்டும். எஃப்எக்ஸ்எஸ் போர்ட் எக்ஸ்சேஞ்ச் வேடம் போட்டு இவற்றைத் தருகிறது. எஃப்எக்ஸ்ஓ போடுவது டெலிபோன் வேடம். அதில் டெலிபோன் நிறுவனத்தின் லைன் வந்து சேரும். வெளி லைனைத் தவறிப்போய் எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டில் செருகிவிடாதீர்கள். இரு பக்கமும் மின்னழுத்தம் கொடுக்கும், போர்ட் பழுதாகலாம்.

கேள்வி: ஐபி போனிலிருந்து வெளி எண்களுக்குப் பேசும்போது என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது. இணைய வேகத்தைக் கூட்டியும் பயனில்லை.

இருக்காது. கோளாறு இணையத்தில் இல்லை, கேட்வேயின் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. நெட்வொர்க்கில் போகும் குரலுக்கும் வரும் குரலுக்கும் தனித்தனிப் பாதை. டெலிபோன் லைனிலோ இரண்டும் ஒரே ஜோடிக் கம்பியில் ஓடுகின்றன. இந்த இரண்டு முறைகளையும் இணைக்கும் சுற்றுக்கு ஹைப்ரிட் என்று பெயர். லைனின் இம்பிடன்ஸும் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) போர்ட்டின் இம்பிடன்ஸும் பொருந்தாவிட்டால், வெளியே போக வேண்டிய உங்கள் குரலில் ஒரு பங்கு அங்கேயே கசிந்து உங்களிடம் திரும்பிவிடுகிறது.

பழைய டெலிபோனிலும் இந்தக் கசிவு இருந்தது. உள்ளூர் அழைப்பில் அது உடனே திரும்பிவிடுவதால் காது அதைப் பிரித்தறிவதில்லை. இப்போது குரலைச் சிறு துண்டுகளாக்கிப் பாக்கெட்டாகக் கட்டவே வழக்கமாக 20 மில்லி விநாடி ஆகிறது. அதற்கு மேல், சீரற்று வரும் பாக்கெட்டுகளைச் சீராக்கும் ஜிட்டர் பஃபரில் காத்திருப்பு, பயண நேரம். தாமதம்தான் கசிவை எதிரொலியாகக் காட்டிக்கொடுக்கிறது.

முதலில் எஃப்எக்ஸ்ஓ போர்ட்டின் இம்பிடன்ஸை உங்கள் நாட்டுக்கு உரியதாக மாற்றுங்கள். பலர் 600 ஓம் என்று வந்ததை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒலி அளவைச் சற்றுக் குறையுங்கள். எதிரொலியை நீக்கும் எக்கோ கேன்சலர் இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். ஆனால் முதல் இரண்டையும் செய்யாமல் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

கேள்வி: ஜி.729 கோடெக்குக்கு (குரலை டிஜிட்டலாக்கிச் சுருக்கும் முறை) விநாடிக்கு 8 கிலோபிட் போதும் என்கிறார்கள். என் ரூட்டர் ஓர் அழைப்புக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் காட்டுகிறதே?

ரூட்டர் சொல்வதே சரி. 8 கிலோபிட் என்பது குரலுக்கு மட்டும். 20 மில்லி விநாடிக்கு ஒன்று என விநாடிக்கு 50 பாக்கெட்டுகள் போகின்றன. ஒவ்வொன்றிலும் குரல் 20 பைட். பாக்கெட்டைக் கொண்டுசேர்க்கத் தேவையான ஐபி, யுடிபி, ஆர்டிபி தலைப்புகள் சேர்ந்து 40 பைட். சுமையைவிட மூட்டை கனம்! மொத்தம் 24 கிலோபிட், ஈதர்நெட் சேர்த்தால் இன்னும் கூடும். சுருக்காத ஜி.711 இதே கணக்கில் 64-லிருந்து 80 ஆகிறது. எட்டு மடங்கு சுருக்கினாலும் கைக்கு மிஞ்சுவது மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான். இணைப்பு மிகக் குறுகலாக இருந்தாலொழிய ஜி.711-ஐயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

கேள்வி: குரல் தெளிவாக இருக்கிறது, ஃபேக்ஸ் மட்டும் பாதிப் பக்கத்தில் நின்றுவிடுகிறது.

ஜி.729 போன்ற கோடெக்குகள் மனிதப் பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஃபேக்ஸ் மோடத்தின் ஒலியைச் சிதைத்துவிடும். ஜி.711-இல்கூட ஒரு பாக்கெட் தொலைந்தால் காது பொறுத்துக்கொள்ளும், மோடம் பொறுக்காது. இதற்குத்தான் டி.38 என்ற ஃபேக்ஸ் நெறிமுறை இருக்கிறது. கேட்வே ஃபேக்ஸ் ஒலியைத் தரவாக மாற்றி அனுப்பும். மறுமுனைக் கேட்வே அதை மீண்டும் ஒலியாக்கும். இரு முனைகளும் டி.38-ஐ ஏற்க வேண்டும். சேவை நிறுவனத்திடம் முதலில் அதைக் கேளுங்கள்.

கேள்வி: எதிர்முனையில் போனை வைத்த பிறகும் எஃப்எக்ஸ்ஓ லைன் விடுபடாமல் நிற்கிறது.

அனலாக் லைனில் 'பேச்சு முடிந்தது' என்று சொல்லும் செய்தி எதுவும் தனியாக வராது. சில எக்ஸ்சேஞ்சுகள் மின்முனைகளை மாற்றிக் காட்டும், சில மின்னோட்டத்தைக் கணநேரம் நிறுத்தும், மற்றவை பிஸி டோனை மட்டும் ஒலிக்கவிடும். உங்கள் லைனில் எது நடக்கிறது என்று லைன் கொடுத்தவரிடம் கேட்டு, கேட்வேயில் அதைத் தேர்ந்தெடுங்கள். பிஸி டோன் என்றால் அதன் அதிர்வெண்ணையும் இடைவெளியையும் சரியாகக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: வெளியிலிருந்து இணைவதற்காக 5060 என்ற நெட்வொர்க் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கிறேன். சரிதானே?

இல்லை. இணையவழி அழைப்புகளை ஏற்படுத்தும் நெறிமுறையான எஸ்ஐபி-இன் வழக்கமான போர்ட் அது என்பதால் தானியங்கி நிரல்கள் ஓயாமல் அதைத் தட்டிப் பார்க்கும். கடவுச்சொல் எளிதாக இருந்தால் உங்கள் செலவில் யாரோ வெளிநாட்டுக்குப் பேசுவார்கள். இன்றே மூடிவிட்டு விபிஎன் (இணையத்தில் பூட்டப்பட்ட தனிப் பாதை) வழியாக இணையுங்கள். தேவையில்லை என்றால் சர்வதேச அழைப்பையும் கேட்வேயிலேயே தடுத்துவிடுங்கள்.