பழைய காரை வீட்டுக்கு வெளிப்பக்கம் என்ன நிறம்?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் பழைய சுண்ணாம்புக் காரை வீடு. ஓட்டுக்கூரை, தேக்குக் கதவு. தெருப்பக்கச் சுவர் மேற்கே பார்த்தது. கடைசியாக அடித்தது ஸ்னோசெம் (சிமெண்ட் பெயிண்ட்). அடியில் மூன்றடிக்கு ஓதம் ஏறி உப்புப் பூக்கிறது. பிள்ளைகள் அடர் நீலமோ சிவப்போ கேட்கிறார்கள். கதவு, ஜன்னல் போகச் சுவர் 1,000 சதுர அடி. எந்த நிறம், எவ்வளவு வாங்குவது?

பதில்: நீலம் வேண்டாம். மேற்கு வெயிலில் அடர் நிறச் சுவர் கொதிக்கும். பெயிண்ட் பொடிய ஆரம்பித்ததும் வெளுப்பு திட்டுத்திட்டாகத் தெரியும். பளிச்சென்ற சிவப்பும் சீக்கிரம் மங்கும். காவிச் சிவப்பு அப்படியல்ல. அது இரும்பு ஆக்சைடு, வெயிலுக்கு அசையாது. பிள்ளைகள் கேட்ட சிவப்பை ஓதம் ஏறும் அடி மூன்றடிப் பட்டைக்குக் கொடுங்கள்.

அந்த மூன்றடிக்கு எமல்ஷன் (பிளாஸ்டிக் பெயிண்ட்) போடவே கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளித்துத் தோலாக உரியும். (கடைக்காரர் ‘டேம்ப் புரூஃப்’ என்று எதையாவது நீட்டுவார், கீழிருந்து ஏறும் ஓதத்தை மேல்பூச்சு நிறுத்தாது.) ஸ்னோசெம்மைக் காரை தெரியும்வரை சுரண்டி, நீற்றிய சுண்ணாம்பில் காவிப்பொடி கலந்து, சுவரை நனைத்து மூன்று கோட் மெல்லிசாக அடியுங்கள். காவி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கையில் ஒட்டும். உப்பு பிறகும் பூக்கும். துடைப்பத்தால் தட்டிவிட்டு ஒரு கோட் அடித்தால் போதும்.

மேல் சுவருக்கு ஓடும் தேக்கும்தான் அளவுகோல். இளமஞ்சள், சந்தனம், மணல் நிறம் மூன்றும் பொருந்தும். தூய வெள்ளையில் ஓட்டிலிருந்து வழியும் அழுக்கு கோடுகோடாகத் தெரியும். ஷேடு கார்டை நம்பாதீர்கள். சுவர் முழுக்க அடித்தால் கார்டில் பார்த்ததைவிடத் தூக்கலாகத் தெரியும். சின்ன டப்பா சாம்பிள் வாங்கி, மேற்கிலும் வடக்கிலும் மூன்றடிச் சதுரம் இரண்டு கோட் அடித்து, காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் பாருங்கள். இரண்டு ஷேடில் தயக்கம் வந்தால் வெளிறியதை எடுங்கள்.

பெயர்ந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசி நான்கு வாரம் விடுங்கள். பச்சைப் பூச்சின் காரம் நிறத்தைத் தின்றுவிடும். மேல் சுவரிலும் பழைய ஸ்னோசெம்மைச் சுரண்டியபின் உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாக ஒட்டினால் இன்னும் சுரண்ட வேண்டும். உள்சுவருக்கான பட்டியை (புட்டி) வெளியே போட்டால் மழையில் ஊறிப் பெயரும்.

கீழ்ப்பட்டை போக 800 சதுர அடி இருக்கும். சொரசொரப்பான சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 45 சதுர அடிதான் வரும், ஆகவே எமல்ஷன் 20 லிட்டர் பக்கெட் ஒன்று, வெளிப்புற பிரைமர் 10 லிட்டர். மாசி, பங்குனியில் அடியுங்கள். மேற்குச் சுவரை வெயில் திரும்புமுன் காலையிலேயே முடித்துவிடுங்கள். பக்கெட் மூடியிலுள்ள ஷேடு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.